‘பார்த்தேன்’ என்று போடும் கையெழுத்து எதுவரை பொறுப்பு?

கரணை — ஜூன் 3, காலை 8.10

பொறியியல் அறநெறி என்று படிப்பில் ஒரு தாள் வைக்கிறார்கள். பொதுமக்கள் பாதுகாப்பு, நேர்மை, உறுதிமொழி என்று நாலு பக்கம். நடைமுறையில் அப்படித் தனியாக ஒன்றும் கிடையாது என்பது என் கட்சி. விதிநூலுக்குள் டிசைன் செய், கணக்கில் தப்பு விடாதே, லஞ்சம் வாங்காதே. அதற்கு மேல் பேசினால் மேடைப் பேச்சு.

கூடவே ஒரு கேள்வி. ஃபேப்ரிகேட்டர் (இரும்பை வெட்டி இணைத்துத் தரும் நிறுவனம்) அனுப்பும் ஷாப் டிராயிங்கில் (அவர்கள் வரையும் தயாரிப்பு வரைபடம்) ‘பொதுவான இணக்கத்துக்கு மட்டும் பார்க்கப்பட்டது’ என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்புகிறோம். அந்த வாசகம் இருந்தால் இணைப்புகளெல்லாம் ஃபேப்ரிகேட்டர் தலையில்தானே?

ரசமட்டம் — ஜூன் 3, காலை 9.25

உங்கள் கட்சிக்குப் பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே கிடக்கிறது.

கான்சாஸ் சிட்டி ஹயாட் ரீஜன்சி ஹோட்டல், 1981 ஜூலை 17. முற்றத்துக்கு மேலே தொங்கிய நடைபாலங்களில் நான்காம் தளத்துப் பாலமும் அதற்கு நேர் கீழே இருந்த இரண்டாம் தளத்துப் பாலமும் சேர்ந்து விழுந்தன. 114 பேர் இறந்தார்கள். யாரும் லஞ்சம் வாங்கவில்லை. யாரும் மட்டமான இரும்பு போடவில்லை. ஷாப் டிராயிங்கில் பொறியாளர் அலுவலகத்தின் முத்திரை இருந்தது.

முதல் டிசைனில் கூரையிலிருந்து ஒரே கம்பி இறங்கி நான்காம் தளத்துப் பெட்டி பீமைத் துளைத்துக்கொண்டு இரண்டாம் தளம் வரை போகிறது. ஒவ்வொரு பீமும் தன் நட்டின் மேல் உட்கார்கிறது. இதற்குக் கம்பியில் பாதி உயரத்துக்கு மரை வெட்ட வேண்டும், நட்டை அவ்வளவு தூரம் திருகி ஏற்ற வேண்டும், தூக்கி நிறுத்துவதற்குள் மரை அடிபடும். ஃபேப்ரிகேட்டர் தரப்பு நியாயமான மாற்றம்தான் கேட்டது: கம்பியை இரண்டாக்கலாம். கூரையிலிருந்து நான்காம் தளம் வரை ஒன்று, நான்காம் தளத்து பீமிலிருந்து இரண்டாம் தளம் வரை இன்னொன்று.

உறியில் மேலும் கீழுமாக இரண்டு பானை. ஒரே கயிற்றில் இரண்டு முடிச்சு போட்டு, முடிச்சுக்கு ஒரு பானையாக வைத்தால் ஒவ்வொரு முடிச்சும் தன் பானையை மட்டும் தாங்கும். கீழ்ப்பானையின் கயிற்றை மேல்பானையின் கழுத்தில் கட்டினால், மேல் முடிச்சு இரண்டு பானையைத் தாங்க வேண்டும். கயிற்றில் வரும் இழுவை முன்பு எவ்வளவோ அவ்வளவேதான். அதனால் கயிற்றை மட்டும் சரிபார்த்தவர் கண்ணில் எதுவும் படாது. நட்டுக்கும் பீமுக்கும் நடுவில்தான் சுமை இரட்டிப்பானது.

தூக்குக்குண்டு — ஜூன் 3, காலை 10.02

ஒரு திருத்தம் சேர்க்கணும். மாற்றத்தால மட்டும் விழுந்துச்சுன்னு பலரும் எழுதுறாங்க. மாத்தாத பழைய டிசைனே விதிநூல் கேட்ட வலுவுல சுமார் 60 சதவீதம்தான் இருந்துச்சு. அரசு ஆய்வுக்கூடம் சோதனை பண்ணிச் சொன்னது அது. சுமை இரட்டிச்சதும் அந்த 60 பாதியா ஆயிடுச்சு. கட்டி முடிச்ச நாள்லேர்ந்து தன் எடையைத் தாங்குறதே பெரும்பாடு.

அந்தப் பெட்டி பீமைப் பாருங்க. ரெண்டு சேனலை (‘ப’ வடிவ இரும்பை) வாயோட வாய் வச்சு வெல்டு பண்ணி, அந்த வெல்டு வழியாவே ஓட்டை போட்டுக் கம்பியை விட்டிருக்காங்க. நட்டு மெல்லிய ஃபிளாஞ்சுல (சேனலோட விளிம்புத் தகட்டுல), அதுவும் வெல்டுல உட்காருது. உள்ளே ஸ்டிஃப்னர் (முட்டுக் கொடுக்கிற தகடு) இல்லை, அடியில தடித்த தகடு இல்லை. ஃபிளாஞ்சு வளைஞ்சு நட்டு உள்ள பூந்திருச்சு.

ரசமட்டம் — ஜூன் 3, காலை 10.40

சரியான திருத்தம். இன்னொன்றும் உண்டு. அந்த இணைப்பை யாருமே கணக்குப் போடவில்லை. பொறியாளர் தரப்பு ‘இணைப்பு டிசைன் ஃபேப்ரிகேட்டர் வேலை’ என்று இருந்துவிட்டது. ஃபேப்ரிகேட்டர் தரப்பு ‘டிராயிங்கில் வரைந்து கொடுத்திருக்கிறார்கள், அப்படியானால் டிசைன் முடிந்தது’ என்று எடுத்துக்கொண்டது. மாற்றத்தைத் தொலைபேசியில் கேட்டுச் சம்மதம் வாங்கினோம் என்றது ஒரு தரப்பு. அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்றது மறுதரப்பு.

கரணை, உங்கள் முத்திரை வாசகம் அங்கே எடுபடவில்லை. பொறுப்புப் பொறியாளர்கள் இருவரும் மிசூரி மாநிலத்தில் உரிமம் இழந்தார்கள். இணைப்பின் வேலையை வேறொருவரிடம் கொடுக்கலாம், அது சரியாக முடிந்ததா என்று பார்க்கும் கடமையைக் கொடுக்க முடியாது என்பதுதான் முடிவின் சாரம்.

கரணை — ஜூன் 3, மதியம் 1.15

இதுவும் கணக்குப் பிழைதானே? அறத்தை எங்கிருந்து கொண்டுவருகிறீர்கள்?

ரசமட்டம் — ஜூன் 3, இரவு 9.50

கணக்குப் பிழை என்றால் கணக்கு இருந்திருக்க வேண்டும். அங்கே இருந்தது பார்க்காததைப் பார்த்தேன் என்று சொன்ன கையெழுத்து. திறமைக் குறைவுக்கும் பொய்க்கும் நடுவில் ஒரு இடம் உண்டு. இந்தத் தொழிலில் அறப்பிழை பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. கயவர்கள் குறைவு. எல்லை சொல்லாத கையெழுத்துகள்தான் நிறைய.

ஆகவே நடைமுறைக்கு வருவோம். ஒரு மாற்றக் கோரிக்கை மேசைக்கு வந்தால் முதலில் பழைய கணக்கை எடுக்க வேண்டும். பழைய கணக்கே இல்லையென்றால் ‘மாற்றத்தைச் சரிபார்க்கிறேன்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. அது புது டிசைன், அதற்கான நேரம் கேட்க வேண்டும். இந்த ஒரு படியைத் தாண்டிவிடுவதால்தான் பாதி விபத்து.

அடுத்தது, சுமை போகும் வழியைக் கையால் மறுபடி வரைவது. மென்பொருளில் வேண்டாம், தாளில். சுமை எங்கே ஏறுகிறது, எந்தத் துண்டிலிருந்து எந்தத் துண்டுக்குத் தாவுகிறது, தரை வரை. தாவுகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு எண் எழுத வேண்டும்: நட், வாஷர், தகடு, வெல்டு, ஃபிளாஞ்சு. எண் எழுத முடியாத இடம் வந்தால் அதுதான் பார்க்க வேண்டிய இடம். ஹயாட் இணைப்பில் இதற்குப் பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

பிறகு, அதே விவரம் கட்டடத்தில் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணுவது. ஒரு இடத்துக்குக் கேட்ட அனுமதி நாற்பது இடத்தில் போய் உட்காரும். கடைசியாக, பழைய பிரதிகளைத் திரும்பப் பெறுவது. சைட்டில் இரண்டு திருத்தப் பதிப்பு ஒன்றாகச் சுற்றினால், எந்தக் கையெழுத்துக்கும் மதிப்பில்லை.

மூலைமட்டம் — ஜூன் 4, காலை 7.30

‘சின்ன மாற்றம்தான் சார், வெல்டிங்குக்குப் பதில் போல்ட்’ என்று வருவதற்கு ஒரு எண்ணைச் சொல்லி வைக்கிறேன். 100 மி.மீ. அகலம், 10 மி.மீ. தடிப்பு உள்ள இழுவைத் தகடு. வெல்டு பண்ணினால் முழுப் பரப்பு 1000 ச.மி.மீ. வேலை செய்கிறது. அதையே குறுக்காக இரண்டு எம்20 (20 மி.மீ. விட்டம்) போல்ட் போட்டு இணைத்தால், ஓட்டை 22 மி.மீ. வீதம் 44 போகும். மிச்சம் 56 × 10, அதாவது 560 ச.மி.மீ. டிராயிங்கில் ஒரு குறி மாறுகிறது, தகட்டில் 44 சதவீதம் காணாமல் போகிறது. இதற்கு மேல் போல்ட் நழுவும் அளவு, மையம் விலகுவதால் வரும் வளைவு எல்லாம் தனி.

இன்னொன்று, ‘8.8 கிடைக்கவில்லை, அதே சைஸில் 4.6 போடுகிறோம்’. 8.8, 4.6 என்பவை போல்ட்டின் வலிமைத் தரக் குறி. இரண்டும் எம்20தான். முதலாவதன் இழுவலிமை 800, இரண்டாவது 400 நியூட்டன்/ச.மி.மீ. வித்தியாசம் தலையில் பொறித்த எண்ணில் மட்டும். பெயின்ட் அடித்த பிறகு அதுவும் தெரியாது.

தூக்குக்குண்டு — ஜூன் 4, காலை 8.05

வெல்டு போல்டா மாறுன கதைன்னா சிட்டிகார்ப் கட்டடத்தைச் சொல்லாம விடக்கூடாது. நியூயார்க்கு, 59 மாடி. தூண்கள் மூலையில இல்லாம பக்கங்களோட நடுவுல நிக்கும். காத்தைத் தாங்க வெளிப்பக்கம் பூரா ‘வி’ வடிவத்துல சாய்வுத் தண்டுகள். டிசைன்ல அந்த இணைப்பெல்லாம் முழு வெல்டு. கட்டும்போது போல்டா மாத்துனாங்க. 1978-ல அதை டிசைன் பண்ணின பொறியாளர் வில்லியம் லெமெஷூரியர் திரும்பக் கணக்குப் போட்டப்போ, மூலையில அடிக்கிற சாய்வுக் காத்துக்குச் சில தண்டுகள்ல விசை 40 சதவீதம் கூடுது, ஆனா இணைப்புல 160 சதவீதம் கூடுதுன்னு வந்துச்சு.

கரணை — ஜூன் 4, காலை 8.20

40 எப்படி 160 ஆகும்? அச்சுப் பிழையா?

தூக்குக்குண்டு — ஜூன் 4, காலை 8.55

பிழை இல்லை. கழித்தல் கணக்கு. புரியறதுக்காகச் சும்மா எண் வச்சுப் பார்ப்போம். காத்தால வர இழுவை 100. கட்டடத்தோட எடையால அதே தண்டுல இருக்கிற அமுக்கம் 75. போல்ட் தாங்க வேண்டியது மிச்சமான 25 மட்டும். இப்போ காத்து 40 சதவீதம் கூடி 140 ஆகுது. எடை மாறாது, 75-தான். மிச்சம் 65. இருபத்தஞ்சு அறுபத்தஞ்சா ஆனா, கூடுதல் 160 சதவீதம்.

முழு வெல்டுன்னா தண்டு அளவுக்கே இணைப்பும் வலுவா இருக்கும், இந்தக் கழித்தல் தொந்தரவே வராது. போல்ட்டை மிச்ச விசைக்கு மட்டும் எண்ணிப் போட்டாத்தான் வரும். ரெண்டு பெரிய எண்ணைக் கழிச்சு வர சின்ன எண்ணை நம்பி எதையும் டிசைன் பண்ணும்போது, ரெண்டுல ஒண்ணு 10 சதவீதம் பிசகினா என்ன ஆகும்னு போட்டுப் பார்க்கிறது உத்தமம்.

ரசமட்டம் — ஜூன் 4, காலை 11.30

லெமெஷூரியரை அறத்துக்கு எடுத்துக்காட்டாகப் பாடம் எடுக்கிறார்கள். தானே முன்வந்து கட்டட உரிமையாளரிடம் சொன்னார், தன் பெயரைப் பணயம் வைத்தார், இரவு வேளைகளில் 200-க்கும் மேற்பட்ட இணைப்புகள் மேல் இரண்டு அங்குலத் தகடு வைத்து வெல்டு பண்ணி முடித்தார்கள். அதெல்லாம் உண்மை.

ஆனால் கட்டடத்தில் வேலை செய்தவர்களுக்கும் அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கும் விஷயம் 1995-இல் பத்திரிகையில் வந்த பிறகுதான் தெரிந்தது. 17 வருடம். பழுதுபார்த்த வாரங்களில் புயல் ஒன்றும் கடலில் கிளம்பி வந்தது, நல்லவேளையாகத் திசை திரும்பியது. பீதியைத் தவிர்த்தோம் என்பது அவர்கள் வாதம். அந்தக் கட்டடத்துக்குள் தினமும் போகலாமா வேண்டாமா என்ற முடிவை அங்கே வேலை செய்தவர் எடுத்திருக்க வேண்டும், அவருக்காக வேறு யாரோ எடுத்தார்கள் என்பது மறுவாதம். முதல் வாதம் பக்கம் நான் பலமுறை சாய்ந்திருக்கிறேன். இப்போது இல்லை. பழுது முடிந்த மறுநாளே சொல்லியிருக்கலாம். அதற்குப் பீதி தடையில்லை.

மூலைமட்டம் — ஜூன் 4, மதியம் 12.10

சாய்வுக் காற்று அவ்வளவு மோசமா என்பதையே பின்னால் வந்த காற்றுச் சுமை ஆய்வுகள் கேள்வி கேட்டிருக்கின்றன. நேர்க் காற்றோடு ஒப்பிட்டால் அது அந்தளவு கடுமையான நிலை இல்லை என்ற வாதம்.

ரசமட்டம் — ஜூன் 4, மதியம் 12.25

அந்த ஆய்வு சரி என்றே வைத்துக்கொண்டாலும், கணக்கு அப்படிக் காட்டிய அன்று செய்ய வேண்டியது மாறாது.

மல்டிமீட்டர் — ஜூன் 5, மாலை 6.40

என்னங்க, ஒரே சிமென்டும் இரும்புமா இருக்கு. கையெழுத்து போடறது உங்க ஆளுங்க மட்டும் இல்லை.

தெராக்-25 கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம். 1985-லேர்ந்து 87 வரைக்கும் ஆறு பேருக்கு அளவுக்கு மீறிக் கதிர்வீச்சு. முந்தின மாடல் தெராக்-20-ல பாதுகாப்புக்கு வன்பொருள் பூட்டு தனியா இருந்துச்சு. 25-ல அதை எடுத்துட்டு, மென்பொருளே பார்த்துக்கும்னு விட்டாங்க. பழைய மென்பொருள்லேர்ந்து எடுத்த பகுதிகள், ‘வருஷக்கணக்கா ஓடின நிரல்’னு நம்பிக்கை. ஆனா அதே பிழை தெராக்-20-லயும் இருந்திருக்கு. அங்க பிழை வந்தப்போ ஃபியூஸ் போயிடும், வேலை நிக்கும், ஃபியூஸை மாத்திட்டுப் போயிடுவாங்க. பூட்டு பிழையை மறைச்சு வச்சிருந்துச்சு. பூட்டை எடுத்தவங்க ‘இதுவரைக்கும் எது நம்மளைக் காப்பாத்துச்சு’ன்னு கேட்கலை.

நட்டு கதைதான் இதுவும். மாற்றம் சின்னது, சுமை போற வழி மாறிடுச்சு.

மல்டிமீட்டர் — ஜூன் 5, மாலை 6.58

இன்னொண்ணு விட்டுப்போச்சு. போயிங் 737 மேக்ஸ் விமானத்துல எம்கேஸ், அதாவது மூக்கைத் தானா கீழே இறக்குற மென்பொருள். வால் தகட்டை ஒரு தடவைக்கு 0.6 பாகை வரைக்கும் திருப்பும்னு ஆரம்பத்துல பாதுகாப்பு மதிப்பீடு. பறக்கும் சோதனைக்கு அப்புறம் 2.5 பாகையா மாத்துனாங்க. நாலு மடங்குக்கு மேல. ஒழுங்குமுறை அமைப்புக்குப் போன மதிப்பீட்டு ஆவணத்துல பழைய எண்ணே நின்னுச்சு. கூடவே ஒத்தை சென்சாரை நம்பினது. 2018 அக்டோபர், 2019 மார்ச், ரெண்டு விமானம், 346 பேர். திருத்தப் பதிப்பு எண் ஏறாத ஆவணத்துல எல்லார் கையெழுத்தும் செல்லும், ஆனா எதுக்குச் செல்லும்?

கரணை — ஜூன் 5, இரவு 8.15

சரி, முதல் நாள் சொன்னதைக் கொஞ்சம் பின்வாங்குகிறேன். விதிநூல் போதாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேலே இருப்பவர் கேட்காதபோது கீழே இருப்பவரின் அறம் என்ன சாதிக்கும்? வெடித்துச் சிதறிய சேலஞ்சர் விண்ணோடம் விஷயத்தில் பொறியாளர்கள் வேண்டாம் என்றுதானே சொன்னார்கள்?

ரசமட்டம் — ஜூன் 5, இரவு 10.30

சொன்னார்கள். 1986 ஜனவரி 27 இரவு தொலைபேசிக் கூட்டத்தில், ராக்கெட் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர் ராஜர் பாய்ஸ்ஜோலியும் கூட இருந்தவர்களும் 12 பாகை செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்றார்கள். அதற்கு ஆறு மாதம் முன்பே, 1985 ஜூலை 31-ஆம் தேதியிட்ட குறிப்பில் எழுதியும் கொடுத்திருந்தார். பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகி தொப்பியைப் போட்டுக்கொள் என்ற பேச்சு அந்தக் கூட்டத்தில்தான் வந்தது. நிறுவனம் முடிவை மாற்றியது. பொறுப்பில் இருந்த ஆலன் மெக்டொனால்ட் கையெழுத்துப் போட மறுத்தார். மேலே இருந்தவர் போட்டார். மறுநாள் காலை ஏழு பேரும் போய்விட்டார்கள்.

ஆனால் இதில் பொறியாளர் தரப்புக்கும் ஒரு பாடம் உண்டு, அதை யாரும் விரும்பிப் பேசுவதில்லை. குளிருக்கும், ராக்கெட் மூட்டுகளை அடைக்கும் ரப்பர் வளையங்களின் சேதத்துக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கும்போது, சேதம் கண்ட ஏவல்களை மட்டும் வரிசைப்படுத்தினால் 12 பாகையிலும் சேதம், 24 பாகையிலும் சேதம். தொடர்பே இல்லாத மாதிரி தெரியும். சேதம் இல்லாத ஏவல்களையும் சேர்த்துப் பார்த்தால் படம் வேறு: 19 பாகையும் அதற்கு மேலும் 20 ஏவல், அதில் மூன்றில் மட்டும் சேதம். 17 பாகையும் அதற்குக் கீழும் நான்கு ஏவல், நான்கிலும் சேதம். இதை விசாரணைக் குழு பிறகு எடுத்துச் சொன்னது. தரவு எல்லாம் கையில் இருந்தது.

எதிர்ப்புச் சொல்வது பாதி வேலை. ‘எனக்கு ஐயமாக இருக்கிறது’ என்பதைக் கூட்டத்தில் இருக்கும் மிகப் பெரிய குரல் அமுக்கிவிடும். நான்குக்கு நான்கு என்ற வரியை அமுக்குவது கடினம். எதிர்ப்பை எழுதும்போது எது, எங்கே, எவ்வளவு, என்ன நடந்தால் நிறுத்த வேண்டும், யார் எப்போதுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்ற ஐந்தும் அரைப் பக்கத்துக்குள் இருக்க வேண்டும். பெயரடைகள் வேண்டாம். ‘மிகவும் ஆபத்தான’ என்று எழுதினால் படிப்பவர் எழுதியவரின் மனநிலையைப் பற்றி யோசிப்பார், இணைப்பைப் பற்றி இல்லை.

தூக்குக்குண்டு — ஜூன் 6, காலை 7.50

யாருக்கு அனுப்புறோம்கிறதும் முக்கியம். கியூபெக் பாலம், 1907. இடைவெளியை 1600 அடியிலேர்ந்து 1800 அடியா நீட்டினாங்க, பாலத்தோட சொந்த எடையைத் திரும்பக் கணக்குப் போடலை. நீளம் 12.5 சதவீதம்தான் கூடுது, ஆனா அதே எடை வீதம்னு வச்சாலும் வளைவு விசை நீளத்தோட வர்க்கத்துல ஏறும், 27 சதவீதம். எடையும் ஏறும்கிறது அதுக்கு மேல. கீழ்த் தண்டுகள் வளையுறதை சைட்டுல அளந்து எழுதினாங்க. ஆலோசகர் தியோடர் கூப்பர் நியூயார்க்குல உட்கார்ந்து, இனிமே சுமை ஏத்தாதேன்னு தந்தி குடுத்தார். தந்தி போனது பென்சில்வேனியாவுல இருந்த உற்பத்தி நிறுவனத்துக்கு. பாலம் கட்டுற இடத்துக்குப் போகலை. ஆகஸ்ட் 29 சாயங்காலம் விழுந்துச்சு, 75 பேர்.

அந்தப் பாலத்து இரும்புலதான் கனடா பொறியாளர்கள் விரல்ல போடுற இரும்பு மோதிரம் செஞ்சாங்க, தெரியுமா.

மூலைமட்டம் — ஜூன் 6, காலை 8.15

அது கதை. மோதிரச் சடங்கு 1925-இல் தொடங்கியது, மோதிரம் பாலத்து இரும்பில் செய்ததில்லை. ‘சோதித்துப் பார்க்காமல் சொல்லாதே’ என்று ஒரு இழை முழுக்கப் பேசிவிட்டு இதை விட்டால் நன்றாக இருக்காது.

தூக்குக்குண்டு — ஜூன் 6, காலை 8.18

தப்பு. கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

மூலைமட்டம் — ஜூன் 6, இரவு 9.05

பெரிய விபத்துகளை விட்டு அன்றாடத்துக்கு வருவோம். கான்கிரீட் கியூப் அறிக்கை, அதாவது வார்த்த கனசதுரத்தை நசுக்கி வலிமை பார்க்கும் சோதனையின் தாள். நம்மில் பெரும்பாலோர் கையெழுத்துப் போடும் தாள் அதுதான், மேசையில் உட்கார்ந்தே எழுதிய தாளைக் கண்டுபிடிக்க முடிவதும் அதில்தான்.

150 மி.மீ. கியூபின் முகப் பரப்பு 22,500 ச.மி.மீ. முள் காட்டும் பழைய இயந்திரத்தில் ஒரு கோடு 10 கிலோ நியூட்டன் என்றால், 700-க்கு 31.11, 710-க்கு 31.56, 720-க்கு 32.00. நடுவில் எதுவும் வராது, முள்ளைக் கண்மதிப்பில் பாதியாகப் பிரித்தால் ஒழிய. அறிக்கையில் 31.27, 31.84 என்று அழகழகாக இருந்தால் அது இயந்திரம் சொன்னதில்லை.

எடைப் பத்தியைப் பாருங்கள். கன அளவு 3.375 லிட்டர், அடர்த்தி 2400 என்றால் 8.1 கிலோ. உண்மையான கியூப்கள் 8.02, 8.19, 8.11 என்று அலையும். எல்லாமே 8.10 என்றால் தராசைத் தொடவே இல்லை. 7.6 என்றால் அடர்த்தி 2250, சரியாகக் குத்தவில்லை. அதற்கு வலிமை மட்டும் எப்படி நன்றாக வந்தது என்று கேளுங்கள்.

பிறகு சிதறல். ஒரு மாதிரியின் மூன்று கியூப்கள் சராசரியிலிருந்து 15 சதவீதம் வரை விலகலாம் என்று இந்திய விதிநூலே இடம் கொடுக்கிறது. மாதக் கணக்கில் எல்லா முடிவும் அரை நியூட்டனுக்குள் அடங்கினால், கான்கிரீட் அவ்வளவு ஒழுக்கமான பொருள் இல்லை.

நேரமும் சாட்சி. நிமிடத்துக்கு 14 நியூட்டன்/ச.மி.மீ. வேகத்தில் சுமை ஏற்றினால் 32-ஐ எட்ட இரண்டேகால் நிமிடத்துக்கு மேல். துடைத்து, அளந்து, நடுவில் வைப்பதையும் சேர்த்தால் ஒன்றுக்கு நாலு நிமிடம். 18 கியூப் 25 நிமிடத்தில் முடியாது.

மல்டிமீட்டர் — ஜூன் 6, இரவு 9.40

டிஜிட்டல் இயந்திரத்துல 0.1 கிலோ நியூட்டன் வரைக்கும் காட்டும். 31.27 வரும். உங்க முதல் சோதனை அங்க செல்லாது, ஒரு அப்பாவி மேல பழி போட்டுடாதீங்க.

மூலைமட்டம் — ஜூன் 6, இரவு 9.52

ஒப்புக்கொள்கிறேன், ‘முள் இயந்திரத்தில்’ என்று சொல்லியும் அழுத்திச் சொல்லவில்லை. நேரக் கணக்கிலும் அதே எச்சரிக்கை: ஐரோப்பிய விதியில் வினாடிக்கு 0.6 நியூட்டன், அதில் 32-ஐ ஒரு நிமிடத்துக்குள் எட்டிவிடும். எந்த விதி, எந்த இயந்திரம், அதன் அளவுச் சரிபார்ப்புச் சான்று எப்போது என்று கேட்டுவிட்டுத்தான் சந்தேகத்தை வாயில் எடுக்க வேண்டும். டிஜிட்டல் இயந்திரத்தில் பதிவு உள்ளே இருக்கும். அச்சிட்ட தாளை வாங்காமல் பதிவை நேரே இறக்கிப் பார்ப்பது மேல்.

கரணை — ஜூன் 7, காலை 9.10

கடைசியாக ஒன்று. பார்த்துவிட்டோம், ஆபத்து என்று தெரிகிறது, ஆனால் நிறுத்தும் அதிகாரம் நம்மிடம் இல்லை. அப்போது?

ரசமட்டம் — ஜூன் 7, காலை 11.45

அதிகாரம் இல்லை என்று எல்லோரும் நினைத்த சைட் ஒன்று இருக்கிறது. ஃப்ளோரிடா, 2018 மார்ச் 15. சாலைக்கு மேலே தூக்கி வைத்த 950 டன் கான்கிரீட் நடைபாலம். ஒரு முனையின் கணுவில் (தண்டுகள் சேரும் இடத்தில்) விரிசல். வழக்கமாக ஏற்கும் அகலத்தைப் போல 40 மடங்கு என்று விசாரணை அமைப்பு பிறகு சொன்னது. அன்று காலை கூட்டம் நடந்தது. டிசைன் தரப்பு பாதுகாப்புக்குக் குந்தகமில்லை என்றது. டிசைன் நிறுவனம், கட்டுமான நிறுவனம், மேற்பார்வை நிறுவனம், உரிமையாளர், சாலைத் துறை என்று ஒவ்வொருவருக்கும் விரிசல் தெரியும். மதியம் ஒன்றே முக்கால் மணி வாக்கில், தளர்த்தியிருந்த தண்டின் கம்பிகளைத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தபோது விழுந்தது. ஒரு தொழிலாளி, கீழே வாகனங்களில் இருந்த ஐந்து பேர். சாலை திறந்தே இருந்தது.

பாலத்தைப் பற்றிய முடிவு கடினமாக இருந்திருக்கலாம். சாலையை மூடுவதற்குப் பாலத்தைப் பற்றி முடிவெடுக்கவே வேண்டாம். எது தெரியாதோ அதை விட்டுவிட்டு, ஆட்களை அடியிலிருந்து எடுப்பது தனிக் கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதால்தான் ‘இன்னும் ஆராய்கிறோம்’ என்ற சொல் ஓடும் வாகனங்களின் மேல் நின்றது.

சுயேச்சைச் சரிபார்ப்பும் நடந்திருந்தது. ஆனால் அவர்கள் முடிந்த பாலத்தைப் பார்த்தார்கள், கட்டும் நடுக்கட்டத்தில் அந்தக் கணு தாங்குமா என்று பார்க்கவில்லை. தாளில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று மட்டும் இருந்தது.

கரணை — ஜூன் 7, மதியம் 12.20

அப்படியானால் என் முத்திரை வாசகத்தை எப்படி மாற்றுவது? ‘பொதுவான இணக்கம்’ என்பதை எடுத்துவிட்டால் வக்கீல் கத்துவார்.

ரசமட்டம் — ஜூன் 7, மதியம் 1.05

முத்திரை இருக்கட்டும், வக்கீலும் இருக்கட்டும். பக்கத்தில் கையால் நாலு வரி: ‘திருத்தம் 3. இணைப்பு 14, 15 மட்டும் பார்த்தேன். இழுவை 90 கிலோ நியூட்டன் என்று எடுத்தேன், கணக்குத் தாள் 7. வெல்டு, தகடு, போல்ட் சரி. இணைப்பு 16 முதல் 22 வரை பார்க்கவில்லை. கணக்கு வராமல் வெட்ட வேண்டாம்.’ தேதி, பெயர்.

தூக்குக்குண்டு — ஜூன் 7, மதியம் 1.20

அந்தக் கடைசி வரியை சிவப்புல எழுதுங்க. ஃபேப்ரிகேஷன் தளத்துல ஜெராக்ஸ் எடுத்தா சிவப்பும் கறுப்பாத்தான் வரும், அதனால சுத்தி ஒரு கட்டமும் போட்டுடுங்க.

மூலைமட்டம் — ஜூன் 7, மதியம் 1.31

16 முதல் 22 என்றால் ஏழு இணைப்பு. கரணை, அந்த ஏழுக்கும் கணக்கு யார் போடுகிறார், எந்தத் தேதிக்குள்?

கரணை — ஜூன் 7, மதியம் 2.02

கேட்டு எழுதிவிட்டேன். பதில் வரும்வரை அந்தத் தாள் என் மேசையில்தான்.